ஆறு நிமிஷப் புலி

எழும்பூரில் மாலை ரயில் ஏறியதிலிருந்து நாயுடுவின் மடியில் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. மறுநாள் மதியம் வரை அதை அவர் கீழே வைக்கவில்லை. உள்ளே சலனப்படம் பிடிக்கவும் காட்டவும் உதவும் கருவி. டில்லி தர்பார் நடந்து இரண்டு வருஷமாகியிருந்தது. தர்பார் படத்தை ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டிப் பிழைத்த மனிதர் அவர். ராஜாக்களின் யானைகள் ஜனங்களுக்குச் சலித்துவிட்டன, இனி அந்த ஜனங்களில் ஒருவனுடைய வாழ்க்கையையே படமாக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். நான் அச்சாபீசில் பிழை திருத்துபவன். படத்தின் நடுவே வரும் எழுத்துகளை எழுதித் தர என்னையும் கூட்டிப் போனார்.

மணியாச்சியில் வண்டி மாறி, பதினெட்டு மைல் கடந்து, திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் இறங்கினோம். பாளையங்கோட்டைக்கு ஜட்கா ஆறணா என்றான் வண்டிக்காரன். யார் வீட்டுக்கு என்று சொன்னதும் அவன் முகம் மாறியது.

"சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டுக்குன்னு மொதல்லயே சொல்லப்படாதா? நாலணா போதும், ஏறுங்க."

போகும் வழியெல்லாம் அவரைப் பற்றியே பேசினான். சுடலைமுத்து கொத்தனார். இருபது வருஷமாகத் தசராவில் புலிவேஷம் கட்டி முன்னால் ஆடுகிறவர். ஒரு கோடையில் தெருவே தீப்பிடித்து எரிந்தபோது, ஊர் ஊராகப் புலி ஆடி நெல்லும் ஓலையும் சேர்த்து அத்தனை வீட்டுக்கும் கூரை போட்டவராம்.

நேரில் பார்த்தால் அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மீசை, தொந்தி, மெல்லிய குரல். கைவசம் நானூறு அடிச் சுருள்தான் இருக்கிறது, ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடாது என்று நாயுடு விளக்கினார். ஐம்பது வருஷத்தை ஆறு நிமிஷத்தில் எப்படி அடைப்பது என்று சுடலைமுத்து வெகுநேரம் கவலைப்பட்டார். பிறந்ததை விட்டுவிடலாம் என்று கடைசியில் அவரே இறங்கிவந்தார். பாபநாசத்தில் இருபது வயதில் நிஜப் புலியை நேருக்கு நேர் பார்த்தது மட்டும் கட்டாயம் வேண்டுமாம். ஆட்டத்தின் அடவையே அந்தப் புலியிடம்தான் கற்றாராம்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். அம்பாசமுத்திரம் வரை ரயில், பிறகு ஆறு மைல் மாட்டுவண்டி. அவர் மனைவி பிச்சம்மாளும் கட்டுச்சோற்றோடு கூட வந்தாள். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து மீசையில் மை தடவி இருபது வயதாகிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் சொன்னாள்:

"புலியுமில்ல கிலியுமில்ல. அது காட்டுப்பூனை. இவுக ஓடி வந்ததுல ஒத்தச் செருப்பு ஆத்தோட போச்சு. அதை எழுதுங்க."

நான் எழுதவில்லை. அருவியின் பக்கத்துப் பாறையில் சுடலைமுத்து மார்பை நிமிர்த்திக் காற்றை முறைத்தார். எதிரே புலி இருப்பதாக நாங்கள் வைத்துக்கொண்டோம். நூறு அடி தீர்ந்தது. தெருவுக்குக் கூரை போட்டது, பஞ்சாயத்துப் பேசியது என்று அடுத்த இரண்டு நாளில் இன்னும் இருநூறு அடி போயிற்று. பஞ்சாயத்தில் எதிராளியாக நான் நின்றேன்.

மிச்சமிருந்த நூறு அடி புலியாட்டத்துக்கு. அங்கேதான் சண்டை வந்தது. மஞ்சள் இந்தச் சுருளில் கறுப்பாகத்தான் விழும், அதன் மேல் கறுப்புக் கோடும் போட்டால் ஒன்றுமே தெரியாது, அதனால் உடம்புக்கு வெள்ளை பூச வேண்டும் என்றார் நாயுடு.

"வெள்ளையடிக்கதுக்கு நான் என்ன சுவரா வே?" என்றார் சுடலைமுத்து. "பாளையங்கோட்டையே சிரிக்கும்."

கூட ஆடும் எட்டுப் பேரும் வேஷம் கட்ட மாட்டோம் என்றார்கள். படம் அவ்வளவுதான் என்று நாயுடு பெட்டியைக் கட்டத் தொடங்கினார். பிச்சம்மாள்தான் வழி சொன்னாள்.

"கறுப்பா விழுந்தா கரடிம்பாக. கரடியா நிக்கதுக்கு வெள்ளப் புலியா நிக்கலாம்."

சுண்ணாம்பு உடம்பைப் புண்ணாக்கிவிடும் என்பது கொத்தனாருக்குத் தெரியாதா? அரிசிமாவைக் கரைத்துப் பூசி, மேலே அடுப்புக்கரியால் கோடு போட்டார்கள்.

காலை பத்து மணி. வண்ணார்பேட்டைக்குக் கீழே ஆற்றுமணல். பாலத்தின் மேல் ஒரு வண்டி நகர முடியாத கூட்டம். மேளம் எழுந்தது. நாயுடு கைப்பிடியைச் சுழற்றினார். அந்தத் தொந்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மனிதர் பாய்ந்தார், பதுங்கினார், மணலை வாரி எறிந்தார். இனி, கட்டியிருக்கும் ஆட்டைப் பல்லால் கவ்வித் தூக்க வேண்டும். அதுதான் ஆட்டத்தின் உச்சம். புலி உறுமிக்கொண்டு கிட்டே போயிற்று. ஆடு நிமிர்ந்து பார்த்தது. பிறகு புலியின் காலை நக்கியது.

அரிசிமாவு அதற்குப் பிடித்துவிட்டது. கணுக்கால் முடிந்து முழங்கால் வரை நிதானமாக நக்கியது. பாலமே சிரித்தது. சுடலைமுத்து அசையாமல் நின்றார். சுருள் ஓடிக்கொண்டிருந்தது, நாயுடு நிறுத்தவில்லை. சுடலைமுத்து திரும்பிப் பிச்சம்மாளைப் பார்த்தார். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சுடலைமுத்து மெதுவாக நாலுகாலில் இறங்கினார். தலையைச் சாய்த்து, ஆட்டின் நெற்றியை ஒருமுறை நக்கினார். மேளக்காரர்களுக்கு எதை அடிப்பதென்று புரியாமல் கொஞ்சம் தடுமாற்றம். பிறகு தாலாட்டுப் போல ஒன்றைப் பைய அடித்தார்கள். அதோடு சுருள் தீர்ந்தது.

ஒரு நெல்குதிர் அறையை இருட்டாக்கி, ஆற்றுத் தண்ணீரில் சுருளைக் கழுவி உலர்த்த மூன்று நாள் ஆயிற்று. விளக்கு வைத்த கையோடு அவர்கள் தெருவிலேயே வேட்டியைக் கட்டிப் படம் காட்டினோம். பாபநாசம் வந்தபோது கை தட்டினார்கள். ஆடு வந்தபோது வேட்டி கட்டிய மூங்கில் சாயும் அளவுக்குச் சிரித்தார்கள். சுடலைமுத்து மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாயுடு சங்கடத்தோடு அவர் பக்கத்தில் போய், அந்த இடத்தைக் கத்தரித்துவிடுகிறேன், பட்டணத்தில் யாருக்கும் தெரியவராது என்றார்.

"அதை வெட்டப்படாது," என்றார் சுடலைமுத்து. "இந்தப் படத்துல நெசமா நடந்தது அது ஒண்ணுதான் வே."

திரும்பும் வண்டியில் நாயுடு பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். என் நாற்பது வருஷத்தில் ஆறு நிமிஷம் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மதுரை வருவதற்குள் இரண்டு நிமிஷத்துக்குத்தான் தேறியது. அதில் ஒரு நிமிஷம், ஆற்றுமணலில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.