சந்தனத்தின் மேல் போட்ட பழி

ரொறன்ரோவில் நேற்று மகளின் கார், வீதியோரப் பனிக்குவியலை என்னவென்று நினைத்ததோ, தானாகவே பிரேக் பிடித்து நின்றது. மகள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏனப்பா காலாலை நிலத்தை உதைக்கிறியள்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் இணுவிலுக்குப் போயிருந்தேன். தம்பி சிவபாலன் ஜப்பானில் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். கோயிலில் பூசை முடிந்ததும் அவன் மனைவி மலர், முன்கண்ணாடியின் மேல்நடுவில் உள்ளங்கையளவு சந்தனம் அப்பினாள். வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்கு வந்ததும் நான் விரிவுரையைத் தொடங்கினேன். பொறியியல் படிப்பித்தவன் அல்லவா? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமரா, முன்னால் நிற்பது ஆளா வாகனமா என்று பார்க்கும். முகப்பில் ஒளிந்திருக்கும் ராடர், தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அளக்கும். மோதப்போகிறது என்று தெரிந்தால் கார் முதலில் கத்தும்; நாம் அசையாவிட்டால் தானே பிரேக் பிடிக்கும்.

"மாட்டுக்கும் நிக்குமோ?" என்றார் பக்கத்து வீட்டுக் கந்தையா.

"மாடெண்டால் சந்தேகம். மனிசருக்கு நிச்சயம் நிக்கும்."

"அப்ப சிவபாலனை விட்டுப் பாருங்கோ. உவன் ரெண்டுக்கும் நடுவிலைதானே."

தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கை நடுவில் போய் நின்றான். "அண்ணை சொன்னா நிக்கும்" என்றவன், எதற்கும் இருக்கட்டும் என்று காரைப் பார்த்துக் கையையும் கூப்பினான்.

காரை இயக்கினேன். ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. மஞ்சள் எழுத்துகள் எரிந்தன.

"என்னவாம் அத்தான்?" என்று மலர் யன்னலால் எட்டிக் கேட்டாள்.

"வணக்கம் சொல்லுது" என்றேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

கமரா மறைந்திருக்கிறது, பிரேக் தானாக வேலை செய்யாது என்பதே அந்த வணக்கம். பிறகு கராஜ்காரர் சொன்னார். அன்று நான் தம்பியை நோக்கி ஓட்டியபோது கார் கத்தவுமில்லை, நிற்கவுமில்லை. தம்பியின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆசுபத்திரியில் மலர், "நான் பூசின சந்தனம்தானே அத்தான்" என்று அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுச் சாமிப் படங்களுக்குக்கூடச் சந்தனம் வைப்பதில்லை. தம்பியோ, "அண்ணையிலை பிழையில்லை, கார்தான் குருடு" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறான்.

மலர், இதை வாசி. தெரியாத எச்சரிக்கையை வணக்கம் என்றவன் நான். தம்பி கிட்ட வந்ததும் பதறிப்போய், பிரேக் என்று நினைத்து அக்சிலரேற்றரை மிதித்தவனும் நான். சந்தனம் இல்லாமல் இருந்திருந்தாலும் கார் நின்றிருக்குமோ தெரியாது. சாரதி அக்சிலரேற்றரை முழுதாக அழுத்தினால், தெரிந்துதான் செய்கிறான் என்று நம்பி அது பெரும்பாலும் ஒதுங்கிவிடும். தம்பியைப் போலவே அதுவும் என்னை நம்பும்.

இங்கே ஸ்ரியறிங் இடப்பக்கம். மகளுக்குப் பக்கத்தில், வலப்பக்கத்தில், நான் வெறும் பயணியாக இருக்கிறேன். இணுவிலில் அது சாரதியின் இருக்கை. முன்னால் ஏதாவது தென்பட்டால் என் வலது கால் கீழே விரித்திருக்கும் றப்பர் பாயை மிதிக்கிறது. இப்போதெல்லாம் சரியாக, பிரேக் இருக்கவேண்டிய இடத்தில்.