அலையாத்திக்குக் கட்டிய துணி

ஜெஸிமா திருச்சி பாலக்கரையில் ரவிக்கை தைப்பவள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மிஷினை மூடிவைத்துவிட்டு, முத்துப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் தன் பிறந்த ஊருக்குப் போவாள். பஸ் ஸ்டாண்டு பஞ்சப்பூருக்கு மாறிய பிறகு அந்தப் பயணத்தில் ஒரு பஸ் கூடிவிட்டது. முழங்கால் வலி அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஊர்ல ஆளே இல்லையா? திருச்சியிலேர்ந்து டெய்லர் போய்த்தான் செடி வளரணுமா?" என்று கணவர் ஜமீல் அன்றும் கேட்டார்.

"சோறு ஹாட்பேக்ல இருக்கு. மிச்சத்தை நான் வந்ததும் கேளுங்க" என்று செருப்பை மாட்டினாள்.

கஜா புயலில் அவளுடைய அக்கா ஷரீபாவின் வீட்டுக்குள் கடல் வந்துவிட்டது. அலையாத்திக் காடு அடர்ந்திருந்த பக்கம் தண்ணீர் அவ்வளவு ஏறவில்லை. அதைப் பார்த்த பெண்கள் சேர்ந்து, வெறும் சேறாகக் கிடந்த திட்டில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே பெரியது, இருபுறமும் சின்னக் கிளைகள். கரையோரம் வரிசையாக விதை ஊன்றினார்கள். கடல் ஏறி இறங்கும் ஓதநீர் உள்ளே வந்து வடிந்தால்தான் அலையாத்தி விதை பிடிக்கும்.

அந்தத் திட்டில் ஆடு மேய்த்தவர்களும் படகு ஏற்றியவர்களும் ஒரு பேச்சோடு விட்டுக்கொடுத்தார்கள். மழைக்கு முன்னால் பாதிச் செடியாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் பழையபடி ஆட்டுக்கும் படகுக்கும்.

எல்லாச் செடியையும் பார்த்து மாளாது. வரிசைக்குச் சில செடிகளில் அடையாளம் வைத்து, மாதாமாதம் அவற்றையே பார்ப்பது என்று முடிவானது. அடையாளத்துக்கு ஜெஸிமா துணி கொண்டுவந்தாள். லைனிங் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை நாடாவாகக் கிழித்து, வரிசைக்கு ஒரு நிறமாகக் கட்டினாள். தையல்காரி போட்ட முடிச்சு, அவிழவில்லை.

செடிகள்தான் சாய்ந்துகொண்டே வந்தன.

இடத்தைப் பற்றி முடிவெடுக்க அன்று மாலை ஊர்க்கூட்டம். அதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட, குழுத் தலைவி மயிலம்மாளோடு சேற்றில் இறங்கினாள்.

"ஏ டெய்லரு, பாத்து வா. விழுந்தா தூக்க என்னால ஆகாது. என்னத் தூக்கவே ஒரு ஆளு வேணும்."

நீலத்துணி கட்டிய செடிகள் முழுக்கப் போயிருந்தன. அதற்குமேல் நிற்க முடியாமல் ஜெஸிமா வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் நின்றபடி துணியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். இப்போது செடி கண்ணுக்கு நேராக இருந்தது. துணியில் சேறும் பாசியும் ஊறிக் கனத்து, மெல்லிய தண்டை வளைத்து, கொழுந்தைச் சேற்றுக்குள் அமுக்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் துணி கட்டாத செடி பளபளவென்று இலை விட்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அக்கா, கட்டாததெல்லாம் நிக்குதுக்கா."

மயிலம்மாள் குனிந்து வரிசை நெடுகப் பார்த்தாள். "நல்லாப் பாத்துக்கிட்டோம்டி செடிய" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆடு கடிச்சிருச்சுன்னு சொல்லிருவமா?" என்றாள்.

ஜெஸிமாவுக்கு அதுவே சுலபமாகத் தோன்றியது. சொல்லிவிட்டுப் பஸ் ஏறலாம். ஆனாலும், "அப்படிச் சொன்னா மறுபடியும் துணி கட்டித்தான் பாக்கச் சொல்லுவாங்கக்கா. இருக்கறதும் போயிரும்" என்றாள்.

கூட்டத்துக்கு வந்தவர்களைத் திட்டுக்கே கூட்டிவந்து, செத்த செடியையும் துணியையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். ஆட்டுக்காரர் நஜிமுதீன் சிரித்தார்.

"எங்க ஆடு சும்மா மேஞ்சிட்டுப் போயிருக்கும். நீ பஸ் ஏறி வந்துல்ல கொன்னிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். "கட்டாததையும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க மாமா" என்றாள் ஜெஸிமா.

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு கிளை வாய்க்காலாகப் போய்ப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு திரும்பினார்.

"நிக்குது" என்றார், பிடிக்காமல். "பாதிக்கு மேலேயே நிக்குது. ஆடு வராது. ஆனா இனிமே ஒரு துண்டுத் துணி இங்க இருக்கக் கூடாது."

முடிச்சு விரலுக்கு அசையவில்லை. ஜெஸிமா கைப்பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, குனிந்து குனிந்து வெட்டினாள். சில வரிசைகள் மிச்சமிருக்கும்போதே ஓதம் ஏறத் தொடங்கியது. மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்துக்குக் கல்யாண ரவிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"இனிமே அடையாளத்துக்கு என்னடி?"

"தள்ளி ஒரு குச்சி நட்டுக்கலாம். செடியத் தொட வேணாம்" என்றபடி, காகிதம் வெட்டிக் கூரைக் கெடுத்துவிடுவார் என்று ஜமீலைக்கூடத் தொடவிடாத அந்தக் கத்தரிக்கோலை மயிலம்மாளிடம் நீட்டினாள். "நாளைக்குத் தண்ணி வடிஞ்சதும் மிச்சத்தை வெட்டிருங்கக்கா."

"உப்புத்தண்ணிடி. துருப்பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும். காகிதம் மட்டும் வெட்டாதீங்க."