எம்மெட்டின் மணிக்கட்டு

ஹெரன்ஸ் பேஸ்பால் அணியில் எம்மெட் ஸ்ட்ரோபெலுக்குப் பதினேழு வருடம் ஆகிறது. ஆனால் எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இருக்காது. ஆட்டத்தன்று இருபத்தாறு பேரின் பெயர்களை ஒட்டுவார்கள். எம்மெட் இருபத்தேழாவது ஆள்கூட இல்லை. மைதானத்தின் ஓரத்து வேலிக்குள், களமிறங்கப் போகும் வீச்சாளர்கள் தோளைச் சூடாக்கிக்கொள்ள வீசும் பந்துகளைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பதுதான் அவன் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பந்துகளாவது வரும். இடது கை ஆள்காட்டி விரல் வளைந்துபோய், காபிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பான். வீச்சாளர்கள் அவனைச் 'சுவரு' என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு அது பிடிக்கும்.

இளமையில் சின்ன ஊர் அணிகளில் ஒன்பது வருடம் கேட்சராக, மட்டையாளனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவனாக, ஆடியவன். மேலேயிருந்து ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். கூப்பிடவும் செய்தார்கள், இந்த வேலிக்குள் வந்து உட்காரச் சொல்லி.

குளிர்காலத்தில் மைதானம் பனிக்கடியில் கிடக்கும். ஊரிலேயே தங்கிவிட்ட வீச்சாளர்கள், மூடிப்போன ஒரு சக்கரச் சறுக்குக் கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்வார்கள். அதன் கூரையில் பழைய கண்ணாடி உருண்டை ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியான வெயில் மேல் ஜன்னல் வழியாக அதில் பட்டால் கூடம் முழுக்க வெளிச்சப் புள்ளிகள் மெல்ல நீந்தும். அவற்றுக்கு நடுவே பந்து வரும்போது எது வெளிச்சம், எது பந்து என்று எம்மெட்டுக்குச் சில நேரம் தெரியாது. கைக்குத்தான் தெரியும். கில்கோரின் பந்து பிசைந்த மாவு மாதிரி கனமாக வந்து விழும். வேட் ஹாலிங்கரின் பந்து கையுறைக்குள் வந்த பிறகும் சுழலும், பிடிபட்ட குருவி மாதிரி. இந்த மூன்று வாரமாக அந்தக் குருவி உள்ளே வந்ததுமே அடங்கிவிடுகிறது. குளிர்தான் காரணம் என்று எம்மெட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த டிசம்பரில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஹெரன்ஸிடம் கில்கோர், வேட் என்று நல்ல இடது கை வீச்சாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஷார்ட்ஸ்டாப்பாக நிற்கத்தான் உருப்படியான ஆள் இல்லை. வேறொரு அணி அப்படி ஒருவனைத் தருகிறேன் என்றது, இரண்டு இடது கைகளில் ஒன்றுக்குப் பதிலாக.

உணவுக்கடையில் முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டே ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள்.

"கில்கோரை அனுப்பு. முப்பத்திநாலு வயசாச்சு. படியேறினாலே மூச்சு வாங்குது அவனுக்கு."

"உனக்கு அறுபது. உன்னை எவன்யா வாங்குவான்?"

"எனக்குப் பின்னாடி வேற ஆள் இல்லயே! இருந்தா என் பொண்டாட்டி எப்பவோ மாத்தியிருப்பா."

புதன்கிழமை மத்தியானம் டேனா ப்ரூசெக் கூடத்துக்கு வந்தாள். அணி அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் பெண். அப்பா பாலங்களுக்கு வண்ணம் பூசுகிறவர். வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். எதைச் சொன்னாலும் சொல்லி முடித்ததும், சரியாகத்தான் சொன்னேனா என்பது போலத் தன் தாளை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். மைதானத்தில் பந்து போகும் இடத்தை அங்குலம் பிசகாமல் சொல்லும் கருவிகள் உண்டு. இங்கே வேகம் காட்டும் ஒரு கைக்கருவி மட்டும்தான். அதனால் அவள் வலைக்குப் பின்னால் நின்று, எம்மெட்டின் கையுறை எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டாள்.

வேட் நாற்பது பந்து வீசிவிட்டுக் குளிக்கப் போனான்.

"வேகம் தொண்ணூத்தி மூணு மைல், குறையவே இல்ல. நாப்பதுல முப்பத்தொண்ணு நீங்க காட்டின இடத்துக்கே வந்திருக்கு, எம்மெட்." தாளை நீட்டினாள். ஒவ்வொரு இடத்துக்கும் யார், அவனுக்கு அடிபட்டால் பின்னால் யார், அவனுக்கும் பின்னால் யார் என்று படிக்கட்டு மாதிரி எழுதியிருந்தாள். இடது கை வரிசையில் கில்கோரின் பெயரை அடித்திருந்தாள். "வேட் நம்மகிட்டயே இருக்கட்டும். கில்கோர் போகட்டும். நாளைக்கு மத்தியானம் மேல சொல்லிடுவேன். நான் சொல்றதுதான் முடிவுன்னுட்டாங்க."

எம்மெட் தன் கையுறையைப் பார்த்தான். முப்பத்தொன்றா?

கேட்சர்களின் கைப்பழக்கம் ஒன்று உண்டு. சற்று விலகி வரும் பந்தைப் பிடிக்கிற அதே நொடியில் மணிக்கட்டைக் கண்ணில் படாமல் உள்ளே இழுத்துவிடுவார்கள். பின்னால் நிற்கும் நடுவருக்கு அது நேராக வந்த பந்தாகவே தெரியும். எம்மெட்டுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. இழுப்பது அவனுக்கே தெரியாது. அந்த முப்பத்தொன்றில் நிஜமாகவே நேராக வந்தவை எத்தனை? பத்தா, பன்னிரண்டா?

சொல்லிவிடலாம். ஆனால் வேலிக்குள் கை தெரிந்துகொண்டது வேலியைத் தாண்டாது என்பது அங்கே எல்லாரும் காக்கிற வழக்கம். ஒருமுறை தாண்டினால் பிறகு எவனும் அவன் முன்னால் மனம் விட்டு வீசமாட்டான். வீசாவிட்டால் அவனுக்கு வேலை ஏது? சொல்லாவிட்டால், ஒரு கேடும் செய்யாத கில்கோர் மனைவி மக்களோடு ஊர் மாறுவான். வரிசையில் மிஞ்சுவது வேட் மட்டும்.

"நாளைக்குக் காலையில இன்னொரு தடவை வாங்க," என்று மட்டும் சொன்னான்.

"ஏன், எண்ணினதுல ஏதாவது தப்பா?"

"எண்ணினதுல ஒண்ணும் தப்பில்ல."

வீட்டில் சூப்பைக் கிண்டிக்கொண்டே அவன் மனைவி மார்லீன் கேட்டாள். "வர்றப்பவே முகம் செத்துப் போயிருக்கு. யாரு போறா?"

"ஒருத்தன்."

"நீ இல்லயே?"

"என்னைக் குடுத்தா என்ன கிடைக்கும்?"

"ஒரு மூட்டை பந்து கிடைக்கும்," என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

விடியற்காலையில் கனவு கண்டான். பனி பெய்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு பந்து. வீச ஆளில்லை, மட்டை இல்லை, நடுவர் இல்லை. அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்து நடுவே இழுத்துக்கொண்டிருக்கிறான். விழித்த பிறகும் மணிக்கட்டு அசைந்துகொண்டுதான் இருந்தது. வேலிக்குள்ளும் நடுவர் என்று யாரும் கிடையாது. பதினேழு வருடமாக யாருக்காக இழுத்துக்கொண்டிருந்தோம்? வீசுகிறவர்கள் மனம் உடையக் கூடாது என்றா? இல்லை, மேலே எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான், இன்றைக்காவது ஆடக் கூப்பிடுவான் என்றா? ஜன்னலுக்கு வெளியே பால் நிறத்தில் வெளிச்சம் வரும்வரை படுத்தே யோசித்தான்.

காலையில் டேனா வலைக்குப் பின்னால் வந்து நின்றாள். எம்மெட் குந்தினான். கையுறையைக் காட்டிவிட்டு முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டான். பந்து எங்கே வருகிறதோ அங்கேயே பிடிப்பது, பிடித்த இடத்திலேயே நிறுத்துவது. மூச்சைப் பிடிப்பது மாதிரி கடினமாக இருந்தது. முதல் பந்து ஒரு சாண் வெளியே நின்றது. இரண்டாவது அதற்கும் மேலே. நான்காவது அவன் கைக்கே எட்டாமல் பலகைச் சுவரில் மோதியதில் பெரிய சத்தம் கேட்டது.

"என்ன சுவரு, தூங்கிட்டியா?" வேட் கத்தினான்.

"முழிச்சுட்டுதான் இருக்கேன். போடு."

இன்னும் ஆறு பந்து. ஒன்றுகூடக் காட்டிய இடத்துக்கு வரவில்லை. டேனாவின் பென்சில் நின்றுவிட்டது. வேட் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விறுவிறுவென்று வந்தான்.

"கையை ஏன் அசைக்க மாட்டேங்கிற? அவங்க பாக்கறாங்கன்னு தெரியுமில்ல? வேணும்னுதானே பண்ற?"

"ஆமா. வேணும்னுதான்."

"போட்டுக் குடுக்கறியா என்னை?"

"உன் பந்து எங்க வருதோ அங்க பிடிக்கிறேன், வேட். அவ்வளவுதான்."

வேட்டின் காது சிவந்தது. அடித்துவிடுவான் போலிருந்தது. எம்மெட் எழுந்திருக்கவில்லை, முகமூடியையும் கழற்றவில்லை. வேட் ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து இடது கையை முன்னால் நீட்டினான். முழுக்க நீளவில்லை. முழங்கையில் சின்னதாக ஒரு மடிப்பு நின்றது.

"ஆகஸ்ட்லேருந்து," என்றான், தரையைப் பார்த்தபடி.

எம்மெட் மூன்று வாரம் என்று நினைத்திருந்தான். ஆகஸ்டிலிருந்து இந்த வலியை நடுவுக்கு இழுத்து இழுத்து மறைத்து வைத்தது அவன் கைதான்.

டேனா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நேத்து நான் எண்ணினதெல்லாம் உங்க மணிக்கட்டையா? நாலு வருஷம் படிச்சு..." கில்கோரின் பெயர் மேல் போட்ட கோட்டை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தாள். வேட்டின் பெயருக்குக் கீழே விரலை வைத்தாள். அங்கே யார் பெயரும் இல்லை.

மத்தியானம் வரை காத்திருக்காமல் அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "வேண்டாம்னு சொல்லிடுங்க... ஆமா, ஷார்ட்ஸ்டாப் இல்லாமதான் போகணும்... இல்ல, நம்மகிட்ட இடது கை ரெண்டு பேர் இல்ல. ஒருத்தர்தான்." சொல்லி முடித்த பிறகு அவள் தாளைப் பார்க்கவில்லை.

எம்மெட் ஒரு துணியில் பனிக்கட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வேட் தள்ளி உட்காரவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை.

"மத்தவங்க கேட்டா என்ன சொல்லுவ?" என்று வேட் கேட்டான்.

"கேக்க மாட்டாங்க. பேசாம இருந்துடுவாங்க."

"நானும் உன்கிட்டப் பேச மாட்டேன்," என்றான் வேட். "ஒரு வாரம்."

"சரி."

வேட் கையை நீட்டினான். எம்மெட் அந்த முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.