வசவு நின்ற பள்ளிக்கூடம்

தென்காசியில் வாந்திபேதி பரவுகிறது. எங்கள் பள்ளிக்கூட மானேஜர் இன்று ஊழியர் நலனுக்காக ஒரு கூட்டம் போட்டார்.

"உங்க மனசு நல்லாருக்கணும். இனிமே ஒருத்தரையும் 'பேதியில போவான்'னு வைய மாட்டேன்" என்றார்.

அந்த வசவை நாள் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தவன் நான். முதலில் கைதட்டியதும் நான்தான். நன்றியுரையும் என் தலையில் விழுந்தது. தமிழ் வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

பியூன் சுடலை மட்டும் கைகட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "மொதலாளி, எம் பொண்டாட்டிக்கும் பேதி கண்டுட்டு. பாக்க ஆளில்ல. லீவு வேணும்."

மானேஜரின் வாய் 'பே' என்று திறந்து, சிரமப்பட்டு மூடிக்கொண்டது.

"எல்லாரும் போயிட்டா மணி அடிக்கது யாருலே? தைரியமா இரு" என்றார்.

வாசலில் அவருடைய குடும்பம், மெத்தை தலையணையோடு காரில் காத்திருந்தது. குற்றாலம் பங்களாவுக்குப் போகிறார்களாம், நோய் அடங்கும் வரைக்கும்.

மானேஜரும் ஏறிக் கார் கிளம்பியதும் சுடலைக்கு ஆறுதல் சொன்னேன்: "பாத்தியா, உன்னை வையவே இல்ல."

"லீவக் குடுத்துட்டு வஞ்சிருக்கலாம், சார்வாள்" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போனான்.

உங்கள் ஊர் மானேஜர்கள் உங்கள் நலனுக்காக எதை நிறுத்தியிருக்கிறார்கள்? சொல்லுங்கள். நன்றியுரைக்கு நான் வருகிறேன்.