தனசேகரின் மூக்கும் மூன்று சிரா பாட்டில்களும்

1994 ஜூலையில் தனசேகரின் மூக்கு வேலை செய்யாமல் போனது. அம்பத்தூர் எஸ்டேட்டில் குளிர்பான எசன்ஸ் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. லேபில் நான் சீனியர், அவன் எனக்கு அடுத்தவன். ஒவ்வொரு பேட்சையும் எங்களில் ஒருவர் முகர்ந்து, ருசி பார்த்து பாஸ் செய்ய வேண்டும். ஜுரத்தில் படுத்து எழுந்து வந்தவன் ஆரஞ்சுக்கும் மாம்பழத்துக்கும் வித்தியாசம் சொல்லத் திணறினான். திங்கட்கிழமை மேனேஜரே டெஸ்ட் வைப்பதாகச் சொல்லிவிட்டார். தேறாவிட்டால் ஃபில்லிங் செக்‌ஷன். அங்கே போனவர் யாரும் லேபுக்குத் திரும்பியதில்லை.

முந்தின நாள் ஞாயிறு. கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் நண்பன் சேவியர் லீவில் வந்திருந்தான். கோவில்பதாகையில் அவன் வீடு. சிரா என்ற கருந்திராட்சையில் செய்த மூன்று ஒயின்களை வைத்திருந்தான்: பிரான்ஸ், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. திராட்சை ஒன்றுதான், ஊர்தான் வேறு. அடுத்தடுத்து வைத்துக் குடித்தால் தெரியும் என்றான். வர மறுத்த தனசேகரை, மூக்கைச் சோதித்த மாதிரியும் ஆகும் என்று நான்தான் இழுத்துப் போனேன்.

சேவியர் கறி வாங்கப் போன நேரத்தில் பாட்டில்களை ஐஸ் வாளியில் அமிழ்த்தினேன். குளிர்பானக் கம்பெனிக்காரனுக்கு எதையும் ஜில்லென்று ருசி பார்த்தே பழக்கம். பிறகு லேபில் செய்வதுபோல மூன்று தம்ளர் வைத்தேன். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. கண்ணை மூடிக்கொண்டு வேறானதை எடுக்க வேண்டும். தனசேகர் திரும்பத் திரும்பத் தப்பாக எடுத்தான். நானும் தடுமாறினேன், ஆனால் என்னை யார் கணக்கில் வைத்தார்கள்?

"எனக்குத் தெரிஞ்சு பூட்ச்சுண்ணே. மூக்கு அவ்ளோதான்" என்றான். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

கறியோடு வந்த சேவியர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான். "இன்னா மச்சான், கோலி சோடாவா இது? செவப்பு ஒயின இப்டி ஐஸ்ல போட்டா வாசன எங்கேர்ந்து வரும்?"

மூன்றையும் ஊற்றி, ஜில்லிப்பு போகக் காத்திருந்தோம். அதற்குள் இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தான் தனசேகர். கடைசியில் ஒரு தம்ளரை எடுத்து முகர்ந்தவன் அசையாமல் நின்றான்.

"இதுல மெளகு கீது. அந்த ரெண்டுலயும் இல்ல."

அது பிரான்ஸ். சேவியர் தம்ளர்களை இடம் மாற்றி மாற்றி வைத்தான். ஒவ்வொரு முறையும் தனசேகர் அதையே எடுத்தான். நானும் வாங்கி முகர்ந்தேன். பழம் தெரிந்தது, புகை தெரிந்தது, மிளகு தெரியவில்லை.

"நெசமாவே தெர்லியாண்ணே? ரசம் கொதிக்கிற மாதிரி கீதே."

சேவியருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் இல்லை. சில மூக்குகளுக்கு அந்த ஒரு வாசனை பிறவியிலேயே எட்டாது என்று வெகுநாள் கழித்துப் படித்தேன்.

திங்கட்கிழமை தனசேகர் டெஸ்டில் தேறினான். அவன் வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். இனி எந்த பேட்சுக்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்றேன்.

மேனேஜர் நிமிர்ந்தார். "தனசேகர்தான் பாஸாயிட்டானே. அப்புறம் யார் மேல சந்தேகம்?"

"என் மேலதான் சார்."

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 'வாசனை இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை நீட்டிப் பாருங்கள்.