பெப்பர்மின்ட் வாசமும் கலியாண அறிவித்தலும்

ஸ்காபரோவில் எங்கள் தேவாலயத்தில் போதகர் கலியாண அறிவித்தலை வாசித்து, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். பின்வரிசை வாங்கிலிருந்து பெப்பர்மின்ட் வாசத்தோடு ஒரு முணுமுணுப்பு சாதி விசாரித்தது: "பெடியன் என்ன ஆக்கள்?"

யாழ்ப்பாணத்தில் என் பெரியப்பாவும் சாராய நெடியை மறைக்கப் பெப்பர்மின்ட் சூப்பிக்கொண்டுதான் ஆராதனைக்கு வருவார். ஒருநாள் இப்படியொரு அறிவித்தலில் எழும்பிச் சாதி சொல்லி, பாட்டுகளுக்கு ஓகன் வாசிக்கும் ரீச்சரின் கலியாணத்தை மறித்தார். முன்பே மணமானவரா, வயது குறைவா, நெருங்கிய இரத்த உறவா என்பன போன்ற சட்டத் தடைகள் தவிர வேறெதுவும் ஆட்சேபணை ஆகாது. போதகருக்கும் அது தெரியும். ஆனாலும் அறிவித்தல் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தார். ரீச்சர்தான் அதற்கும் ஓகன் வாசித்தார். கலியாணம் நடக்கவேயில்லை.

நான் பின்னால் முணுமுணுத்தவரைத் திரும்பிப் பார்த்தேன். "அண்ணை, எழும்பிச் சத்தமாக் கேளுங்கோ."

முன்வாங்கில் மணப்பெண்ணும் திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா கேட்டனான் தம்பி," என்று அவர் எனக்கும் ஒரு பெப்பர்மின்ட் நீட்டினார்.