வெறும் போசி

மிஸஸ் பார்க்கரின் கண்ணாடித் தட்டு என் சமையலறை அலமாரியில் ஏழாவது வாரமாக உட்கார்ந்திருந்தது. பனி கொட்டிய ஒரு நாளில் பக்கத்து வீட்டுக்காரரான அந்த அம்மா அதில் ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரம் வைத்துக் கொடுத்தார். தின்று முடித்துத் தட்டைக் கழுவித் துடைத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கத்தான் கை வரவில்லை. சோமனூரில் எங்கள் வீதியில் யாரும் வெறும் போசியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. போசி என்றால் எங்கள் பக்கத்தில் பாத்திரம். பணியாரம் வந்த போசி முருங்கைக் கீரையோடு போகும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்த சமையலோ ரசம் ஒன்றுதான். அதைத் தட்டையான தட்டில் எப்படி ஊற்றிக் கொடுப்பது? ஏதாவது பலகாரம் செய்யக் கற்றுக்கொண்டு கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். மாடிப்படியில் பார்த்தால் சிரிக்கும் அந்த அம்மா, வர வர முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அலுவலகத்திலும் அப்போது எனக்கு நல்ல காலமில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல் எழுதுவது என் வேலை. அதற்கு டிரைவர் என்று பெயர். இதைக் கடிதத்தில் எழுதித் தொலைத்ததால், நான் அமெரிக்காவில் லாரி ஓட்டுவதாக வீதி முழுக்கப் பேச்சு. எங்கள் டிரைவரில் ஒரு கோளாறு இருந்தது. வேலைக்காக மெஷினிடம் கொஞ்சம் நினைவகத்தை வாங்கும். முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். எங்கேயோ ஓரிடத்தில் தராமல் வைத்துக்கொண்டது. சின்னச் சின்னதாகச் சேர்ந்து, மூன்றாம் நாள் மெஷின் மூச்சற்று நின்றுவிடும். இதற்கு மெமரி லீக் என்று பெயர். மேனேஜர் டேவிட் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “முதலில் லீக் அடைபடட்டும். பிறகு லீவு.”

லீவு எனக்கு உயிர்ப் பிரச்சினை. கொடுமுடியில் மகளுக்குக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். என்னால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன விசேஷம். நான் விமானம் ஏறும்போது அவளுக்கு ஆறு மாதம். இப்போது ஓடித் திரிகிறாளாம். எதிர்வீட்டுத் தறிக்காரர் வீட்டு போனுக்குக் கூப்பிட்டால், தறிச் சத்தத்துக்கு நடுவே மனைவி சரோஜா வருவாள்.

“ஏனுங்க, எங்கண்ணன் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தறோம். இருந்தாலும் அப்பா இல்லாம எப்புடீங்க? இந்தவாட்டி வந்துருவீங்கல்லொ?”

“வாரேன் அம்மணி” என்றேன். ஊரிலிருந்து கிளம்பும்போதும் அவளிடம் இதையேதான் சொன்னேன். அன்று அவள் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி நிறைய எள்ளுருண்டை போட்டுக் கொடுத்திருந்தாள்.

விசேஷத்துக்கு எட்டு நாள் இருக்கையில் மிஸஸ் பார்க்கர் கதவைத் தட்டினார். “என் தட்டை உடைத்துவிட்டாயா? உடைந்திருந்தால் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன்.” நான் கூனிக் குறுகிப் போனேன். தட்டை எடுத்து வந்து காட்டி, “இதில் போட்டுத் தர இன்னும் ஒன்றும் செய்யவில்லை” என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. “இதில் எதற்கு ஏதாவது போட வேண்டும்? எனக்குத் தட்டு மட்டும் வந்தால் போதுமே” என்று சொல்லி, வெறும் தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகும் கதவருகிலேயே நின்றேன். திடீரென்று சந்தேகம் தட்டியது. கோட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடி, நிரலைத் திறந்து பார்த்தேன். கார்டிலிருந்து தகவல் வந்து நிறைந்தால் டிரைவர் அந்த நினைவகத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தது. தகவல் எதுவும் வராமல் நேரம் கடந்துவிட்டால்? அந்தப் பாதையில் திருப்பிக் கொடுக்கும் வரியே இல்லை. காலியாக இருப்பதைக் கொடுக்க என் புத்திக்குத் தோன்றவில்லை போலும். ஆம், அதை எழுதியவன் நான்தான். மூன்று மாதமாக அடுத்தவர்கள் எழுதியதையெல்லாம் குடைந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வரிதான் சேர்த்தேன். டேவிட் முதுகில் தட்டினார். ஆனால் லீக் நின்றதை நிரூபிக்க மெஷின் பத்து நாள் நிற்காமல் ஓட வேண்டும் என்றார். என் மகளுக்குக் காது குத்தும் விஷயத்தைச் சொன்னேன். “இங்கே அதை ஷாப்பிங் மாலில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள், நீ எதற்குப் போக வேண்டும்?” என்று நிஜமாகவே வியந்தார். ஓங்கி அறையலாம் போலிருந்தது. சிரித்து வைத்தேன். எட்டாம் நாள் கொடுமுடியில் காது குத்தியபோது, நான் நின்றுபோகாத அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“அழுதாளா?” என்று சரோஜாவிடம் போனில் கேட்டேன்.

“கொஞ்சங்க. அப்பறம் உங்க போட்டோவக் காட்டுனமுங்க. மாமான்னு கூப்புடறா.”

என் மகளுக்கு நான் மாமா. அவசரமாகப் பேச்சை மாற்றினேன். “இங்க நல்ல பேரு வந்துருக்குது. இன்னொரு வருசம் இருக்கச் சொல்றாங்க. அப்பறமா கை நெறையக் கொண்டுட்டு வாரேன்.”

தறிச் சத்தத்தை மீறிச் சரோஜா சொன்னாள்: “நீங்க ஒண்ணுமே கொண்டார வேண்டாங்க. வெறுங்கையோட வந்தாப் போதுங்க.”

மிஸஸ் பார்க்கர் சொன்னதும் இதுதானே என்று எனக்கு உறைத்தது. உறைத்தும், “வாரேன்” என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

கண்ணாடித் தட்டு போன இடத்தில் இப்போது சரோஜாவின் தூக்குப்போசி இருக்கிறது. எள்ளுருண்டை தீர்ந்து ஒன்றரை வருடமாகிறது. டேவிட் தந்த ஒரு வருட நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன். என் பிரதியை நாலாக மடித்து, அந்தப் போசிக்குள் போட்டு மூடி வைத்தேன்.